சால்னாவில் ரத்தம் என்று வந்த செய்தி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. ஒரு ஊரின் பெயர், ஒரு பரோட்டாக் கடையின் பெயர், அந்தக் கடை மாஸ்டரின் போட்டோ. அவருக்கு "அந்த வியாதி" இருக்கிறதாம். வெங்காயம் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டாராம், ரத்தம் சால்னாவில் விழுந்துவிட்டதாம், அங்கே யாரும் சாப்பிட வேண்டாமாம், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். காலையில் எங்கள் குடும்ப குரூப்பில் என் தம்பி மகன் போட்டான். மதியத்துக்குள் அதே செய்தி என்னிடம் படித்த பிள்ளைகளின் குரூப்பிலும் வந்துவிட்டது. கீழே கைகூப்பும் பொம்மைகள், "பகிர்வுக்கு நன்றி" என்று நான்கு பேர். அதில் இரண்டு பேர் நான் அறிவியல் நடத்திய பிள்ளைகள்.

தம்பி மகனுக்குப் போன் போட்டேன். "அத்தை, சும்மா ஃபார்வேர்டுதான, நானா எழுதினேன்? நாலு பேரு உஷாரா இருக்கட்டுமேன்னு போட்டேன்" என்றான். நல்ல பையன். ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் ஓடுகிறவன். அவனிடம் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அறிவியல். உங்களுக்கு நான் இதை ஒழுங்காக நடத்தவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். எச்.ஐ.வி. கிருமி மனித உடம்புக்கு வெளியே நெடுநேரம் பிழைக்காது. கொதிக்கிற சால்னாவில் பிழைக்கவே பிழைக்காது. சாப்பாட்டின் வழியாக, எச்சில் தட்டின் வழியாக, ஒரே டம்ளரில் குடிப்பதால், கொசு கடிப்பதால், கட்டிப் பிடிப்பதால் அது பரவாது. பரவும் வழிகள் கொஞ்சம்தான். ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம் ஏற்றுவது, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு வருவது. அவ்வளவுதான். அந்த மாஸ்டருக்கு உண்மையிலேயே தொற்று இருந்தாலும், கையை வெட்டியதும் உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பரோட்டாவைத் தின்ற ஒருவருக்கும் ஒன்றும் வராது.

அடுத்தது சட்டம். 2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்று இருப்பவர் மீது வெறுப்பு வளரும்படி எழுதினாலோ பரப்பினாலோ 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. "நானா எழுதினேன்" என்பது நாளைக்குக் காவல் நிலையத்தில் எடுபடும் என்று நினைக்காதே அப்பா.

ஆனால் கிருமியையும் சட்டத்தையும் சொல்வதற்காக மட்டும் நான் உட்கார்ந்து எழுதவில்லை. அந்த போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசம் செய்தால் அது பித்தலாட்டம்.

உங்களில் பாதிப் பேர் 1990-க்குப் பிறகு பிறந்தவர்கள். நம் பக்கத்தில் அந்த நோய் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே நம் தமிழ்நாட்டில்தான், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியர். அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் கணவரோடு வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே சோதித்ததில் ஆறு மாதிரிகளில் தொற்று. இந்தியாவுக்கெல்லாம் அது வராது, நம் பண்பாடு வேறு என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாணவியின் ஆய்வேடு அந்தப் பேச்சை முடித்து வைத்தது.

பண்பாடு பற்றி நம் ஊரிலும் அப்படித்தான் பேசினோம். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், இரண்டு போகம் நெல், திராட்சைப் பந்தல், வாழைத்தார், சுருளி அருவி, வீரபாண்டி சித்திரைத் திருவிழா. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு ஒரு வழித்தடமும்கூட. காய்கறியும் வாழையும் ஏற்றிய லாரிகள் குமுளி மேட்டிலும் போடி மெட்டிலும் ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. விடிவதற்கு முன்னால் ஜீப்புகளில் ஆட்கள் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறார்கள். வடக்கே முறுக்குக் கம்பெனிக்கும் மிட்டாய்க் கடைக்கும் போன பையன்கள் இருக்கிறார்கள். பத்து நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று வீட்டை விட்டு இருக்கிற ஆண்கள் எங்கே அதிகமோ அங்கே இந்த நோய் சீக்கிரம் வந்தது. நாமக்கல்லுக்கு அப்படி வந்தது, நமக்கும் அப்படித்தான். அரசு மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது தொற்று அதிகமுள்ள முதல் பிரிவில் தேனி மாவட்டமும் இருந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "இளைச்சுப் போயிட்டான்" என்பார்கள். "காசநோய்" என்பார்கள், பாதி உண்மையும் அதுதான், எச்.ஐ.வி. வந்தவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் காசநோய்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ராத்திரி பஸ் ஏறி 500 கிலோமீட்டர் தாண்டித் தாம்பரம் சானடோரியத்துக்குப் போவார்கள். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். கிட்டத்தில் ஆண்டிபட்டியில் ஆரோக்கிய அகம் இருந்தது. தொழுநோய்க்கும் காசநோய்க்கும் என்று ஆரம்பித்த இடம், பிறகு இந்த நோயாளிகளுக்கும் கதவைத் திறந்தது. யாரும் தொட அஞ்சிய நாளில் தொட்டவர்கள். அவர்களுக்கு நம் மாவட்டம் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது என் கதை. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். 2003 ஜூன். நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஏழாம் வகுப்பில் சேர வந்த ஒரு பெண், கையில் தம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றது. பிள்ளைக்கு 12 வயது, தம்பிக்கு 7. அப்பா லாரி டிரைவர், இறந்து இரண்டு வருடம். அம்மா அந்த ஏப்ரலில் இறந்திருந்தார். அம்மாச்சி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மாச்சிக்குக் கண் தெரியாது. தலைமையாசிரியர் கேட்டார், "பெரியவங்க யாரும் வரலையா?" அந்தப் பிள்ளை சொன்னது, "நான்தான் சார் பெரியவ."

அப்படித்தான் சொன்னது. எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அம்மாச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கைநாட்டு வைத்து இரண்டு பேரையும் சேர்த்தார்கள்.

பையன் என் வகுப்பு. மெலிந்த உடம்பு, அடிக்கடி காய்ச்சல், காலில் ஆறாத புண். கெட்டிக்காரன். வாய்ப்பாடு பதினாறு வரை சொல்வான். மதியம் அக்கா வந்து அவனோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிடும், தன் தட்டிலிருந்த முட்டையை அவன் தட்டில் வைக்கும்.

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம். பள்ளியில் ஓவியப் போட்டி. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவர் நான். அந்தக் காலத்துப் போஸ்டர்கள் எப்படி இருக்கும் என்று சிலருக்கு நினைவிருக்கும். மண்டையோடு, பாம்பு, தூக்குக்கயிறு, "உயிர்க்கொல்லி", "ஆட்கொல்லி". பத்திரிகையும் சுவரும் சொன்னதைத்தான் பிள்ளைகள் வரைந்தார்கள். பெரிய மண்டையோடு ஒன்று, பல்லெல்லாம் சிவப்பு. அதற்கு முதல் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுத்தேன். அந்த அக்கா ஒரு கட்டில் வரைந்திருந்தது. கட்டிலில் ஒருவர், பக்கத்தில் இரண்டு சின்ன உருவம். தலைப்புக்குப் பொருத்தமில்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஊருக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ஆஸ்பத்திரி ஊழியர், ஒரு டீக்கடை, அவ்வளவுதான். அடுத்த நாள் காலை இருபது முப்பது பெற்றோர். "அந்தப் பையன் இருந்தா எங்க பிள்ளைக்கு டி.சி. குடுத்துருங்க." தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "டீச்சர், நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றார்.

நான் பக்குவமாகச் சொன்னேன். அந்த அக்காவைக் கூப்பிட்டு, "தம்பிக்கு உடம்பு சரியாகுற வரைக்கும் வீட்டுல வச்சுக்க ஆத்தா. பாடமெல்லாம் நானே எழுதி அனுப்புறேன்" என்றேன். அந்தப் பிள்ளை ஒரு கேள்விதான் கேட்டது. "நான் வரலாமா டீச்சர்?" வரலாம் என்றேன். மறுநாளிலிருந்து அதுவும் வரவில்லை. இரண்டு வாரம் நோட்டில் பாடம் எழுதி அனுப்பினேன். பிறகு அரைகுறையாக. பிறகு ஆண்டுத் தேர்வு வேலை வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு மேல் சிவப்பு மையில் கோடு போட்டது என் கைதான்.

இதில் என்னைக் குத்துகிற கணக்கு ஒன்று உண்டு. நான் கோடு போட்டது மார்ச் மாதம். 2004 ஏப்ரல் 1-இல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மையங்களில் நம் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன்பு அந்த மருந்து பணக்காரர் மருந்து. மேல்நாடுகளில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001-இல் இந்தியாவின் சிப்லா கம்பெனி ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஆப்பிரிக்காவும் நாமும் மூச்சு விட்டோம். குழந்தைகளுக்கான மருந்து அளவு நம் நாட்டில் 2006 நவம்பரில் திட்டமாக வந்தது. ஆக, ஒரு நோய் மனிதனைச் சாகடிக்காது என்கிற காலம் தொடங்கும் வாசலில், நான் அந்தப் பிள்ளையைச் சாகப் போகிறவன் என்று முடிவு செய்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அவன் சாகவில்லை. 2019-இல் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்க்க க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்துச் சீட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு இளைஞன் வந்து, "டீச்சர், பதினாறாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா?" என்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல உடம்பு, மீசை. பெயரைச் சொன்னதும் எனக்குக் கால் தளர்ந்து அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தான்.

வேறு ஊரில் வேறு பள்ளியில் பத்தாவது வரை படித்திருக்கிறான். 10 வயதில் மருந்து ஆரம்பித்தது. முதலில் காலையும் மாலையும் மாத்திரைகள், வாந்தி, கெட்ட கனவு. இப்போது தினமும் ஒரே மாத்திரை. ரத்தத்தில் கிருமி எண்ணமுடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் மருந்தை விடாமல் சாப்பிடுகிறவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று போகாது என்பது இன்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்கிற விஷயம். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணுக்கு எல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இல்லை. குழந்தைக்கும் இல்லை. இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். "பேரும் ஊரும் வேணாம் டீச்சர். வாய்ப்பாடு வேணா போட்டுக்கங்க" என்றான்.

அக்கா? அவளுக்குத் தொற்றே கிடையாது. ஏழாம் வகுப்போடு நின்றாள். 13 வயதில் ஜீப் ஏறி ஏலக்காய்க்குப் போனாள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்திலெல்லாம், "பெரியவங்க யாரும் இல்லையா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்து போட ஆள் இல்லாமல் ஒருமுறை இரண்டு நாள் வராந்தாவில் கிடந்திருக்கிறார்கள். "அந்த வீட்டுப் பொண்ணு" என்று வந்த இரண்டு வரனும் திரும்பிப் போயிற்று. கிருமி தம்பியின் உடம்பில் இருந்தது, அதன் செலவு முழுவதும் அவள் கணக்கில் எழுதப்பட்டது. அவளை இன்னும் நான் நேரில் பார்க்கவில்லை. போனில் பேசக் கேட்டேன். "அக்காவுக்கு வேணாமாம் டீச்சர்" என்றான். சரிதான்.

முன்னே சொன்ன சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆபீஸ் வாசல் தெரிந்தது. நோய் பாதித்த குடும்பத்தில் 12 வயது முடிந்த, விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால், தன்னைவிடச் சின்ன உடன்பிறப்புக்கு அதுவே காப்பாளராகக் கையெழுத்து போடலாம். பள்ளியில் சேர்க்க, வைத்தியம் பார்க்க, வங்கிக் கணக்கு நடத்த. "நான்தான் சார் பெரியவ" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆமாம், நீதான் பெரியவள் என்று சட்டமே சொல்கிறது. பதினைந்து வருடம் தாமதம். ஆனாலும் இதை எழுதிய யாரோ ஒருவர் அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். இன்று வேலையில் இருக்கிற என் மாணவ ஆசிரியர்கள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் தலைமையாசிரியருக்கு இந்தப் பிரிவு தெரியுமா என்று நாளைக்கே கேளுங்கள். சேர்க்க மாட்டேன் என்பதும், தனியாக உட்கார வைப்பதும், நான் செய்ததுபோல் பக்குவமாக வீட்டுக்கு அனுப்புவதும் இப்போது சட்ட விரோதம்.

இனி நாம் பேசின ஒழுக்கம் பற்றி. அந்த நாளில் சுவருக்குச் சுவர் "ஒருவனுக்கு ஒருத்தி" என்று எழுதினார்கள். எங்கள் பள்ளிச் சுவரிலும் இருந்தது. நல்ல வாசகம்தான், நானும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் நம் பள்ளத்தாக்கில் தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோர் அந்த வாசகப்படி வாழ்ந்தவர்கள். தாலி கட்டியவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அந்த வாசகம் அவர்களைக் காப்பாற்றவில்லை, நோய் வந்த பிறகு அவர்கள் நடத்தையைச் சந்தேகிக்கத்தான் பயன்பட்டது. புருஷன் செத்ததும் மருமகள்தான் கொண்டுவந்தாள் என்று வீட்டை விட்டுத் துரத்திய மாமியார்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் அவளுக்குத்தான், ஏனென்றால் கர்ப்பமானால் சோதிக்கிறார்கள். முதலில் தெரிந்தவள் முதல் குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

பிறகு புள்ளிராஜா வந்தார். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று பஸ் ஸ்டாண்டு தோறும் விளம்பரம். சிரித்தோம். ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பட்ட பாட்டை என் வகுப்பிலேயே பார்த்தேன். அந்த விளம்பரத்தைப் பலர் திட்டினார்கள். நான் திட்ட மாட்டேன். ஆணுறை என்ற சொல்லை ஆண்கள் கூச்சமில்லாமல் காதில் வாங்கியது அப்போதுதான். என் குறை வேறு. அது நோயை எங்கோ போகிற புள்ளிராஜாவின் பிரச்சினை ஆக்கியது. வீட்டில் காத்திருக்கிற அவர் மனைவியிடம் அந்த விளம்பரம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எப்படியோ, தமிழ்நாடு செய்த வேலை பெரியது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கத்தை 1994-இலேயே தொடங்கிய முதல் மாநிலம் நாம். அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் வந்தது. 2001-இல் கர்ப்பிணிகளில் 100 பேருக்கு 1 பேருக்கும் மேல், 1.13 சதவீதம் தொற்று இருந்தது. இப்போது 0.2-க்கும் கீழே. ஒரு தாய்க்குத் தொற்று இருந்து ஒன்றும் செய்யாமல் விட்டால் மூன்றில் ஒரு குழந்தைக்கு வரக்கூடும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று 2009-இல் அரசு ஓர் அறக்கட்டளை வைத்தது, அதன் வட்டியில் படிப்புக்கும் சத்துணவுக்கும் பணம் கொடுக்கிறார்கள்.

ஆனால் நோய் குறைந்ததும் பேச்சும் நின்றுவிட்டது. அங்கேதான் எனக்குக் கவலை. சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த பையனுக்கு 19 வயது. வெளிநாட்டு வேலைக்கு மருத்துவச் சோதனை செய்தபோது தனக்குத் தொற்று இருப்பது தெரிந்து, தானே ஓடிப்போய் ரத்த வங்கியில் சொன்னவன் அவன்தான். 2016-இல் முகாமில் ரத்தம் கொடுத்தபோதே சோதனையில் தெரிந்திருக்கிறது, அவனுக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. விஷம் குடித்து அந்த மாதமே இறந்துபோனான். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குழந்தைக்குத் தொற்று வராமல் காப்பாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் தெரிந்ததும் உண்மையைச் சொன்னானே, அதற்கு நாம் கொடுத்த பரிசு என்ன? மருந்து சாப்பிட்டால் பேரன் பேத்தி எடுக்கலாம் என்று அவனுக்கு யாராவது அன்றைக்கு உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவன் இன்று இருந்திருப்பான். அந்த வேலைக்கென்று நம்பிக்கை மையங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பலரும் ஒப்பந்த ஊழியர்கள், வருடக்கணக்காக நிரந்தரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டடத்துக்கும் மிஷினுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் பேசுகிற வாய்க்கு ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த நோயில் பேச்சும் ஒரு மருந்துதான்.

வெளியுலகத்தையும் பாருங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் ஆப்பிரிக்காவில் எத்தனையோ மையங்கள் கதவைச் சாத்தின. நம் மருந்துக்கு நம் மத்திய அரசின் பணம் பெரும்பங்கு, அதனால் தப்பித்தோம். நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள். அது தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை, ஆயுள் முழுவதும். நின்றால் கிருமி மறுபடி தலை தூக்கும். குறைந்துவிட்டதே என்று ஒதுக்கீட்டைக் குறைப்பது, காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துகிற கதை.

பள்ளிக்கூடம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் என்று ஒரு பாடம். மேல் வகுப்புக்கு ஆள் இல்லாத நாளில் நானும் நடத்தியிருக்கிறேன். நடத்தினேன் என்றா சொன்னேன்? "இந்தப் பாடத்தை வீட்டுல படிச்சுக்கங்க, பரீட்சைக்கு ஒரு மார்க்குதான் வரும்" என்று பக்கத்தைத் திருப்பினேன். பின் பெஞ்சில் சிரிப்பு, நான் ஸ்கேலைத் தட்டினேன், அவ்வளவுதான் என் பாலியல் கல்வி. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அது காரணம்தான், சமாதானம் ஆகாது. அந்தப் பெஞ்சில் சிரித்தவர்களில் மூன்று பேர் பின்னால் லாரிக்குப் போனார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான், வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், கிளீனர் வேலையில் சீனியர் டிரைவர் சொல்வது வேறு. இன்றைக்கு என் பேரன் கையில் போன் இருக்கிறது. நான் பக்கத்தைத் திருப்பினால் அவன் அதில் பார்த்துக்கொள்வான். எதைப் பார்ப்பான் என்று உங்களுக்கே தெரியும். இப்போது வேலையில் இருப்பவர்களே, தயவுசெய்து அந்தப் பாடத்தைத் திருப்பாதீர்கள்.

இன்னொன்று, குடும்ப குரூப்பில் மதினி ஒருவர் கேட்டிருந்தார்: "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் டெஸ்ட்டைக் கட்டாயம் ஆக்கிட்டா என்ன?" நியாயமான பயம். ஆனால் கட்டாயத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிருமி புகுந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். இன்று இல்லை என்று வந்த காகிதம் நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. கட்டாயம் என்றால் யார் மாட்டுவார்கள்? பணமிருப்பவர் காகிதம் வாங்கிவிடுவார். மாட்டுகிறது பெண்ணாகத்தான் இருக்கும், பிறகு அந்த ரிசல்ட்டு டீக்கடைக்கு வரும். டீக்கடைக்கு வந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆணும் பெண்ணும் தாங்களாக ஒத்துக்கொண்டு, சேர்ந்து போய்ச் செய்துகொள்வது வேறு. அது நல்லது, நான் அதைத்தான் சொல்வேன். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம். சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. தொற்று இருக்கிறது என்று வந்தால் கல்யாணமே கிடையாது என்றும் அர்த்தமில்லை. வாய்ப்பாடு சொன்னவன் கதையைப் படித்தீர்கள்.

எங்கள் குரூப்பில் 46 பேர் இருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பகிர்ந்தபோது, இந்த 46 பேரில் ஒருவராவது ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அந்த மாத்திரையை விழுங்குகிறவராக இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னிடம் அரை வருடம் படித்தவன் ஒருவன் அந்த குரூப்பில் இல்லை. பதிவேட்டில் இருந்த பெயர்களை வைத்துத்தான் குரூப் ஆரம்பித்தார்கள், அவன் பெயர் மேல் கோடு இருந்தது. அட்மின், அவனைச் சேர்க்கலாமா என்று அவனிடமே கேட்டேன். "பாக்கலாம் டீச்சர்" என்றான். அவன் சரி என்றால் நம்பர் அனுப்புகிறேன். அதற்குள் அந்தப் போட்டோவை எல்லோரும் அழித்துவிடுங்கள். தம்பி மகனே, நீ முதலில்.

நேற்று சாயங்காலம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கடை திறந்திருந்தது, கூட்டம் இல்லை. மாஸ்டர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பரோட்டா, சால்னா சாப்பிட்டேன். என் வயசுக்கு மைதா ஆகாது, அது வேறு விஷயம். காசு கொடுக்கும்போது, "எங்கேருந்து வர்றீங்கம்மா?" என்று கேட்டார். ஊர் பெயரைச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் யாராவது கூட வருவதாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். ஏழு மணிக்குள் போனால் சூடாக இருக்கும்.